கோவில்பட்டி வரைக்கும்தான் நடந்தேன், அண்ணே

என் பிரியமான அண்ணே,

நாம ரெண்டு பேரும் போவதாக இருந்த நடையை மாசி பிறந்ததும் நான் தனியாகத் தொடங்கினேன். விருதுநகரிலிருந்து கன்னியாகுமரி. வெயில் ஏறும் முன்னே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பாயே, அதே யோசனைதான். ஆஸ்பத்திரியில் லீவு கேட்டால், "நடந்தா போறீக சிஸ்டர்?" என்று சிரித்தார்கள். வேண்டுதல் என்று சொல்லிவிட்டேன்.

பொய்தான். அடுத்த திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் விபத்து விசாரணை. வெடித்துச் சிதறிய அந்தப் பட்டாசு ரூமில், நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேரை உட்காரவைத்து வெடிமருந்து அடைக்கச் சொன்னது போர்மேனான நீதான் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. உன்னோடு செத்துப்போன மூன்று பெண்களின் வீட்டுக்காரர்களும் அதைத்தான் நம்புகிறார்கள். எங்க அண்ணன் அப்படிச் செய்யமாட்டான் என்று ஊரெல்லாம் சண்டை போட்டேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கே சந்தேகம். அதிகாரி முன்னால் நின்று என்ன சொல்வேன்? அதனால்தான் நடந்தே ஓடிப்போகப் பார்த்தேன்.

வியாழக்கிழமை விடியும்போது நல்ல பனி. பைபாஸ் டீக்கடை வாசலில் பையும் கையுமாக மாரிச்சாமி நின்றான். உனக்குக் கீழே வேலை பார்த்தவன்தான்.

"நானும் வாரேன்க்கா. அண்ணாச்சிக்காக."

"நான் கிளம்புறது உங்களுக்கு யாரு சொன்னா?"

"கேள்விப்பட்டேன்."

மதினியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். போன் போட்டால், "கம்பெனி ஆளுக வந்து விசாரிச்சாக, சொல்லிட்டேன்" என்றாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

சாத்தூர் வரைக்கும் அவன் என்னைவிட்டு நாலு எட்டுக்கூடத் தள்ளி நடக்கவில்லை. கால் வலித்து உட்கார்ந்தால் தண்ணீர் எடுத்து நீட்டினான். "அவசரமே இல்லக்கா, எம்புட்டு நாள் ஆனாலும் கன்னியாகுமரி போய்த்தான் திரும்பணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நல்ல மனுசனா, வேவு பார்க்க வந்தவனா? அவன் தந்த தண்ணீரைக் குடிக்கவே யோசித்தேன். உன் நடையில் எனக்கு ஒரு புல்லும் கண்ணில் படவில்லை அண்ணே, அவன் கையையும் போனையுமே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மறுநாள் மத்தியானம், கோவில்பட்டி நெருங்கும்போது, ரோட்டோரப் புளியமரத்தடியில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். நான் தூங்குகிறேன் என்று நினைத்து மாரிச்சாமி பக்கத்துச் சின்னப் பாலத்தோரம் போய்ப் போனில் பேசினான். "இல்ல சார், திரும்ப மாட்டாக. நான் கூடத்தான இருக்கேன்."

எழுந்து போய் அவன் முன்னால் நின்றேன். "என்ன சொல்லி அனுப்பிச்சாக?"

போனை மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. "திங்கக்கிழம முடியுற வரைக்கும் உங்கள ஊருக்குள்ள விடக் கூடாதுன்னாக."

"அப்ப எங்க அண்ணன் மேல எழுதிக் கொடுத்தது?"

"அதுல மொதக் கையெழுத்து என்னோடதுக்கா."

பாலத்துச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். நானும் உட்கார்ந்தேன். அடிக்க வேண்டும்போல இருந்தது. "நடந்தத நடந்தபடி சொல்லுங்க" என்றேன்.

"அன்னைக்கு லோடு போகணும்னு மேனேஜர் போன் மேல போன் போட்டாரு. அண்ணாச்சி ரெண்டு தடவ முடியாதுன்னாக. மூணாவது தடவ பேசிட்டு வந்து, 'சரி, இன்னைக்கு ஒருநாள் எல்லாரும் உள்ள உக்காருங்க'ன்னு அவுகளே சொல்லிட்டாக."

ஏன் அண்ணே? ரெண்டு தடவை முடியாது என்ற வாய்க்கு இன்னொரு தடவை சொல்ல முடியாமல் போய்விட்டதா? அப்படி என்ன சொன்னான் அந்த ஆள்?

"இத அங்க வந்து சொல்லுங்க" என்றேன். கோவில்பட்டியில் ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினோம். சாத்தூரில் இறங்கி ஓடிவிடுவானோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன். ஓடவில்லை. திங்கட்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு சூலக்கரைக்கே வந்துவிட்டான். புதிதாக எழுதிய வாக்குமூலத்தை வராந்தாவில் வைத்து என்னிடம் காட்டினான். "அண்ணாச்சி கடைசி வரைக்கும் சம்மதிக்கலன்னு எழுதிருக்கேன்க்கா. போதும்ல?"

என் மேல் இரக்கப்பட்டு எழுதினானா, நாளைக்குப் பொய் என்று கம்பெனி உடைக்கட்டும் என்று எழுதினானா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு நிமிஷம் அப்படியே விட்டுவிடத்தான் நினைத்தேன். விட்டிருந்தால் நீ தப்பித்திருப்பாய்.

"சம்மதிச்சதையும் எழுதுங்க தம்பி" என்றேன். "போன் வந்ததையும் எழுதுங்க, எங்க அண்ணன் உள்ள உக்காரச் சொன்னதையும் எழுதுங்க."

எழுதினான். செத்துப்போன பெண்களில் ஒருத்தியின் புருஷன் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் உட்கார இடம் தேடியபோது, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

அப்படிப் போனே போடவில்லை என்கிறார் மேனேஜர். விசாரணை இன்னும் முடியவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டாலும் போவேன், இதையேதான் சொல்வேன். அது முடிந்ததும் கோவில்பட்டியிலிருந்து மிச்சத் தூரத்தை நடப்பேன். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டேதான் நடப்பேன், கேட்டுக்கொண்டு கூடவே வா.

உன் கூடப்பிறந்தவள்,
ஜெபா