ஈரத்துணியில் மூடிய ரொட்டி

1996, அக்டோபர், செவ்வாய் இரவு

லாட்ஜுக்குப் போன ரொட்டியில் இரண்டு துண்டு சாப்பிட்டாகிவிட்டது. அங்கே சமையல் செய்யும் முருகேசன் சற்று முன் போனில் சொன்னார். சாப்பிட்டது மாடியில் தங்கியிருக்கும் வெள்ளைக்கார அம்மா.

என் மனைவி மல்லிகா சனிக்கிழமை எங்கள் வீட்டு ஓவனில் சுட்ட இரண்டு ரொட்டிகளில் ஒன்று அது. காய்ந்துவிடக் கூடாதென்று, இட்லிக்குப் போடுவதுபோல ஈரத்துணியால் மூடி டப்பாவில் வைத்திருந்தாள். மழை நாள் வேறு. இன்று மதியம் ஒன்றை லாட்ஜுக்கு அனுப்பினாள். அவளுக்குக் கிடைத்த முதல் ஆர்டர். பிடித்திருந்தால் தினமும் வாங்குவார்கள். சாயங்காலம் வீட்டில் இருந்த இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் பச்சையாகப் பூசணம்.

"கீழ கொஞ்சம்தாங்க. சீவிட்டா போச்சு" என்றாள்.

"அங்க போனதுல இருந்தா?"

"போன் கீன் பண்ணி ஆர்டரக் கெடுத்துடாதீங்க. நீங்க வேலை பாக்கற பேப்பர்ல தப்பு வந்தா, மறுநாள் ஒரு மூலையில திருத்தம் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கறீங்க இல்ல?"

லாட்ஜ் நம்பரைச் சுழற்றினேன். முருகேசன் மிச்ச ரொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, "ஆமா சார், ஒரு ஓரத்துல இருக்குது" என்றார். கொட்டிவிட்டாராம். பரிமாறிய துண்டுகளில் இருந்ததா என்பது அவருக்கே தெரியவில்லை. முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்த அம்மா விடியற்காலையில் மலை சுற்றக் கிளம்புவார். மாடியிலிருந்து இறங்கி வந்ததும் எப்படி இருக்கிறார் என்று பார்த்து முருகேசன் போன் செய்வார்.

மல்லிகா இப்போதுதான் வந்து கேட்டாள், "நாளைக்கு மாவு பிசையட்டுமா, வேணாமா?"

விடியட்டும் என்றேன்.