வாசித்துக் காட்ட ஆளில்லாத கந்தோர்

இன்று காலையும் அது உனக்குத்தான் வணக்கம் சொன்னது. நம் சட்டத்தரணிக் கந்தோரைத் திறந்து, விளக்கைப் போட்டு, கணினியை இயக்கினால் திரையில் முதலில் வருவது உன் பெயர். அதன் கீழே, இன்று எந்த ஆவணத்தை வரைய வேண்டும் என்ற கேள்வி. நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. கணக்கு உன் பெயரில் இருப்பதால் அதை மாற்ற நீயே ஒப்பமிட வேண்டுமாம். ஆவணம் எழுதும் இந்த மெஷினை விற்ற கொழும்புக் கம்பனிக்காரர் போனில் மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார். "மேடம்கிட்ட ஒரு கையெழுத்து மட்டும் எடுத்து அனுப்புங்க." எங்கே போய் எடுப்பது, நீ அடக்கமாகியிருக்கும் மடவளை மையவாடிக்கா என்று கேட்க வாய் துடித்தது. உன் மேல் இருக்கிற கோபத்தை அந்த மனிதர் மேல் காட்டி என்ன ஆகப்போகிறது என்று போனை வைத்துவிட்டேன்.

கோபம்தான். உன் இரங்கல் கூட்டத்தில் உன்னைப் பற்றி நல்லபடியாகப் பேசி, பாதியில் அழுது, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மீதியையும் பேசினேன். அதெல்லாம் உண்மை. இதுவும் உண்மை.

அந்த மெஷினை நீ வாங்க நினைத்த நாட்களில் நாம் போட்ட சண்டை கீழ்த்தளத்துப் போட்டோப் பிரதிக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். மாதாமாதம் அதற்குக் கட்டுவது வருகிறவர்களுக்கு வாசித்துக் காட்டும் வாசுகியின் சம்பளத்தை விட அதிகம், இரண்டையும் எப்படித் தாங்குவது என்று நான் கேட்டேன். நீ கதிரையில் சாய்ந்துகொண்டு சிரித்தாய். "நீ எல்லாத்துக்கும் பயந்து சாகுற. மெஷின் எழுதட்டும், ஆள் வாசிக்கட்டும். மிச்சமாகிற நேரத்துல இன்னும் கேஸ் எடுப்போம். அதுல ரெண்டு பேருக்கும் சம்பளம் ஈக்கிது." மெஷினையும் வாசுகியையும் சேர்த்து நீ 'ரெண்டு பேர்' என்று சொன்னது அன்று எனக்கு வேடிக்கையாக இருந்தது.

வாசிப்பது என்பது நம் கந்தோரில் நீ கொண்டுவந்த வழக்கம். இங்கே வழக்குகள் சிங்களத்தில் நடக்கின்றன. நம்மிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஹேவாஹெட்டத் தோட்டத்துப் பக்கம், மீதிப்பேர் மடவளை, அலவத்துகொடக் கடைக்காரர்கள். தாங்கள் ஒப்பமிடும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. பல கந்தோர்களில் 'வாசித்து விளக்கப்பட்டது' என்று கடைசியில் ஒரு வரி அச்சாகி இருக்கும், அதோடு சரி. நீ அப்படி விடவில்லை. வந்தவரை உட்காரவைத்து, கையில் பிளேன்டீ கொடுத்து, வாசுகியை எதிரே இருத்தி, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லவைப்பாய். முடியும் வரை பேனை உன் கையில்தான் இருக்கும். "நிப்பாட்டணும்னா நிப்பாட்டுங்க. இது ஒங்கட காயிதம்" என்பாய்.

அலவத்துகொட ஹார்டுவேர் கடை நானாவை நினைவிருக்கிறதா? நீயே உட்கார்ந்து எழுதிய பத்திரத்தை வாசுகி வாசிக்க, அவர் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, "எங்கட மச்சான்ட கட எப்பிடி இதுக்குள்ள வந்திச்சி?" என்று எழுந்தே நின்றுவிட்டார். தன் கடைக்கும் மச்சானுக்கும் எந்த ஒட்டுறவும் இல்லை என்று அரைமணி நேரம் குடும்பக் கதை சொன்னார். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய், பிறகு பிழை உன்னுடையது என்று அவரிடம் சொல்லித் திருத்தி எழுதினாய். மனிதரும் பிழை விடுவார், மெஷினும் விடும், பிழை பிடிக்க வேண்டியது எதிரே உட்கார்ந்து கேட்கிற கட்சிக்காரர் என்று நீ தெளிவாகத்தான் இருந்தாய்.

மெஷின் வந்த முதல் மாதங்கள் நன்றாகவே போயின, ஒத்துக்கொள்கிறேன். நம் பழைய கோப்புகள் எல்லாவற்றையும் அதற்கு ஊட்டினாய். நாள் முழுக்க உட்கார்ந்து எழுதுவதை அது ஒரு பிளேன்டீ குடிக்கும் நேரத்தில் எழுதித் தந்தது. வாசுகி முன்னை விட அதிகம் பேருக்கு வாசித்தாள். நீ என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்குவாய், நான் பார்க்காத மாதிரி இருப்பேன். அப்புறம் வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய்.

உன் பங்கைப் பார்த்துக்கொள்ள உன் தம்பி மகன் வந்தான். கெட்டவன் இல்லை, சுறுசுறுப்பானவன், கணக்கில் கெட்டி. வந்த கொஞ்ச நாளில் உன் அலுமாரியிலிருந்து அந்த ஒப்பந்தத்தை எடுத்து என் முன்னால் வைத்தான். மூன்று வருடத்துக்கு ஒப்பமிட்டிருக்கிறாய். நடுவில் விட்டால் மிச்சக் காலம் முழுவதற்கும் கட்ட வேண்டும். நிர்வாகம் உன் பொறுப்பாக இருந்ததால் நான் அதைப் பார்த்ததே இல்லை. "மேடம், மாமி இருக்கும்போது மாமிட கேஸ் வருமானம் வந்திச்சி. இப்ப ரெண்டையும் தாங்க ஏலாது. மெஷின நிப்பாட்டினா நாங்க மூழ்கிடுவோம். ஆள நிப்பாட்டினா ஒரு மாசச் சம்பளத்தோட முடிஞ்சிடும்." நான் கத்தினேன். அவன் அமைதியாக, "வாசுகிட நியமனக் கடிதம் எங்க மேடம்?" என்று கேட்டான்.

கடிதம் இல்லை. 'அவ நம்மட புள்ள, அவளுக்கு எதுக்குக் கடிதம்' என்று நீ சொன்னது இருந்தது. கடைக்காரரிடமும் தோட்டத்துச் சனத்திடமும் எதையும் எழுத்தில் வாங்குங்கள் என்று நாளெல்லாம் தொண்டை வற்றச் சொன்னவள் நீ. மெஷினுக்குப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தாய், வாசுகிக்கு வாயால் சொன்னாய். ஏனடி? அவளுக்கும் ஒரு தாளில் மூன்று வருடம் என்று எழுதியிருந்தால் அவனால் கை வைத்திருக்க முடியுமா? கூட்டிக் கழித்துப் பார்த்தால் அவன் சொன்னது சரி, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

வாசுகி இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு மருந்துக் கடையில் நிற்கிறாள். நான் கந்தோரில் இருக்கும் நாட்களில் நான் வாசிக்கிறேன். பார்வதி அம்மா வந்த அன்று நான் கம்பளையில் ஒரு வழக்கில் இருந்தேன்.

அவரை உனக்குத் தெரியும். ஹேவாஹெட்டயில் தோட்ட எல்லையோரத்தில் வீடும் மிளகுக் கொடியுமாக இருக்கும் மேசனின் மனைவி. மாமனார் காலத்திலிருந்து யாரையும் கேட்காமல் ஆண்டுவந்த நிலத்தைத் தோட்டக் கம்பனி தன்னுடையது என்று வழக்குப் போட்டது. அந்த வழக்கை எடுத்தவள் நீ, நீதிமன்றத்தில் நம் மறுமொழியைப் போடுமுன் போய்விட்டாய். மறுமொழியை மெஷின் எழுதியது. நம் கோப்புகளில் இருக்கும் தோட்டத்து வழக்குகளில் பெரும்பாலானவர்கள் கம்பனி கட்டிக்கொடுத்த லயத்தில் குடியிருக்கும் தொழிலாளர்கள். அவர்கள் எல்லோருக்கும் நாம் எழுதிய ஒரு வரியை எடுத்து இவருக்கும் போட்டது: 'நிர்வாகத்தின் அனுமதியுடன் குடியிருந்து வருகிறார்.' உன் தம்பி மகன் பேனையைக் கொடுத்தான். அவர் ஒப்பமிட்டார்.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அந்த ஒரு வரியை மட்டும் வாசித்துவிட்டு உட்கார்ந்தார். நிலம் கம்பனியுடையது என்று நாமே ஒத்துக்கொண்டபின் அவர்களுக்குச் சாட்சி எதற்கு? திருத்த அனுமதி கேட்டோம், காலம் கடந்துவிட்டது என்றார்கள். வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

போன கிழமை மேன்முறையீட்டுத் தாள்களோடு நானே ஹேவாஹெட்டக்குப் போனேன். அவர் வீட்டு வாங்கில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்தேன். பல இடங்களில் நிறுத்தினார், திருத்தினேன். பிழையான அந்தப் பழைய வரியையும் சொல்லிக் காட்டினேன்.

"எங்க வூட்டுல யாரும் அந்தத் தோட்டத்துல வேலைக்குப் பேரே பதியலைன்னு மொத நாளே சொன்னேனேம்மா. அன்னைக்கு இத வாசிச்சிருந்தீங்கன்னா அந்த எடத்துலயே புடிச்சிருப்பேன்."

மேன்முறையீட்டில் பார்ப்போம் என்றேன். அந்தச் சொல்லுக்கு எவ்வளவு பெறுமதி என்று எனக்குத் தெரியும். ஒப்பமிட்டுத் தாளைத் திருப்பித் தரும்போது உன்னைக் கேட்டார்.

"மொத நாளு எனக்கு டீ குடுத்துப் பேசுனாங்களே, அந்த மேடம் தவறிட்டாங்களாமே. அவங்க இருந்திருந்தா என்னய இப்பிடி வுட்டிருக்க மாட்டாங்க."

உன் ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும், அவருக்கு உன்னைப் பற்றி இருந்த நல்ல நினைவும் போயிருக்கும். இழப்பதற்கு அவரிடம் இனி அதிகம் இல்லை.

"ஆமாம்மா, வுட்டிருக்க மாட்டாங்க" என்றேன்.