கெட்டிமேளமாகிப் போன ஜாஸ்

மைசூரு

அன்பு மருமகள் ஜீவிதாவுக்கு மாமன் காளியப்பன் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, புதுப்பெண் பூங்குழலி எல்லோரும் சௌக்கியம், ராட்டர்டாம் குளிரில் உன் உடம்புக்கும் ஒன்றும் வராமல் மாதேஸ்வரன் பார்த்துக்கொள்ளட்டும். உன் தங்கச்சி கல்யாணத்திலிருந்து நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் ஆறாங்கிளாஸ் படிப்பை நம்பிப் பேனா பிடித்திருக்கிறேன், அந்தக் காலத்தில் என் கையெழுத்தைப் பார்க்கக் கொள்ளேகாலத்திலிருந்து அதிகாரிகள் வருவார்கள்.

விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் கைக்கு வராமல் நீ வர முடியாது என்றானதும் கல்யாணத்துக்கென்று ஒரு பாட்டு வாசித்து அனுப்பினாயே, முதலில் கேட்டபோது உன் பிடில் கல்யாணி ராகத்தில் ஒழுங்காகப் போக உன்னோடு வாசிக்கிற வெள்ளைக்காரன் சாக்சபோன் குறுக்கே வந்து வம்பிழுப்பதாக நினைத்தேன். ஜாஸ்னா அப்படித்தான் மாமா, எங்கெங்கயோ போயிட்டுத் திரும்பி வந்து சேந்துக்கும் என்று சொன்னாய். கேட்கக் கேட்க எனக்கே பிடிபட்டுவிட்டது, மைசூரிலேயே ஜாஸ் தெரிந்த ஒரே சென்டரிங் மேஸ்திரி நான்தான் என்று சைட்டில் சொல்லிவிட்டேன். அந்தத் தெம்பில்தான் முகூர்த்தத்தில் மேளக்காரரை நிறுத்தி உன் பாட்டை ஸ்பீக்கரில் போட வைத்தேன், மண்டபமே மூச்சடக்கிக் கேட்டது, வெளியே பஸ்கூட ஹாரன் அடிக்கவில்லை. என் மகன் பிரசாந்த் உனக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டிருந்தான், நீ திரையில் வந்ததும் நான் விரலை உயர்த்துவது, பிறகு தாலி என்று ஏற்பாடு. அதற்குள் பாட்டு நடுவில் உங்கள் டிரம்காரன் தடதடவென்று பொழிய ஆரம்பித்துவிட்டான், சும்மா இருந்த தவில்காரரும் கூடச் சேர்ந்துகொண்டார், குண்டலுபேட்டைச் சம்பந்தி அதைக் கெட்டிமேளம் என்று நினைத்துக் கட்றா கட்றா என்று கத்த, மாப்பிள்ளை கட்டியே விட்டார். நீ திரையில் வந்தபோது எல்லோரும் தலையிலிருந்த அரிசியைத் தட்டிக்கொண்டிருந்தோம். உங்க ராட்டர்டாம் மேளம் முகூர்த்தத்தையே முந்திடுச்சே என்று சம்பந்தி சிரிக்கிறார். மூன்று மாடிக் கட்டடத்தையே நகர்த்தி வைத்தவன் நான், அந்த முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டிரம் அடங்கியதும் நீ சொன்ன மாதிரியே உன் பிடில் திரும்பி வந்தது, பந்திக்கு இடம் பிடிக்கிற அவசரத்தில் யாரும் கேட்கவில்லை. உன் அம்மா மட்டும் மணவறை ஓரத்தில் நின்று முடிகிறவரை கேட்டாள். அவள் கையில் அட்சதை அப்படியே இருந்தது, பெரியவ பாக்கறப்ப போடலாம்னு வெச்சிருந்தேன் என்றாள். இப்போது அதைச் சாமி படத்தடியில் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு இதை என்ன பண்றது தம்பி என்று தினமும் கேட்கிறாள்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதேஸ்வரன் அருளால் உன் பிடில் ஊரெல்லாம் ஒலிக்கட்டும். என்னைத் திட்டுவதைத் தனியாக வைத்துக்கொள், அம்மா கூப்பிட்டால் மட்டும் எடுத்துவிடு, அந்த அரிசியைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள்.

உன் தாய்மாமன்,
காளியப்பன், சென்டரிங் மேஸ்திரி