இன்று இரவிலிருந்து அம்மாவின் மாத்திரை

அப்பா,

இனி அம்மாவுக்கு நீங்கள்தான் மாத்திரை கொடுக்க வேண்டும். ஆண்பிள்ளையிடம் இதைக் கேட்கவே கூடாதென்பது வெதூரியா அத்தையின் உத்தரவு. கேட்டுவிட்டேன்.

காலையில் ஒன்று, இரவில் ஒன்று. போன ஞாயிறு, "நற்கருணைக்கு முன்னாடி வாயில தண்ணிகூடப் படக்கூடாது" என்று காலை மாத்திரையை நிறுத்தினீர்கள். இரவில் இரண்டாகக் கொடுத்தீர்கள். அம்மாவின் கை நடுங்கி, கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. விட்டுப்போனதைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். எப்போதாவது விட்டுப்போனால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். நற்கருணை நாளில் மாத்திரை கொடுக்கலாமா என்று பாதிரியாரையே கேட்டேன். "மருந்து என்ன சாப்பாடா? குடும்மா" என்றார்.

அவள் விழுங்கும்வரை பக்கத்திலேயே இருங்கள். நோன்பென்று உப்பையும் தண்ணீரையும் குறைக்க வேண்டாம்; குறைந்தால் இந்த மருந்து உடம்பில் அளவுக்கு மீறித் தேங்கிவிடும். பீன்ஸ் சூப் அடுப்பில்.

பி.கு.: "படிச்ச திமிரு" என்றீர்கள். இருக்கட்டும். யாஷ் நகர வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன். நீங்கள் வரும்வரை அத்தை இருப்பார். அம்மாவிடம் சொன்னேன்; என் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பேருந்துக்குக் கிளம்பிவிட்டேன்.

ஸ்மரந்தா