உள்ளே இறங்கிய குண்டு

புரட்டாதிச் சனிக்கிழமை, இரவு.

துப்பாக்கி உதைத்த உதையில் இவருடைய தோள் கன்றிப்போயிருக்கிறது. எண்ணெய் தடவிவிட்டேன், தூங்கிவிட்டார். எனக்குத்தான் கட்டில் இன்னும் மெல்ல அசைவதுபோல் இருக்கிறது.

அடுத்த கிழமை மூஸ் மான் வேட்டைக்குப் போகிறார். தோட்டாக்களைக் கடையில் வாங்குவதில்லை. எங்கள் ரொக்ஸ்பரோ வீட்டின் நிலவறையில் தானே செய்வார். இன்று சுட்டுப் பழகப் போனபோது நானும் கூடப் போனேன். மூன்று முறை சுட்டார். அத்தனை உதையையும் துப்பாக்கிக்குள்ளேயே கிடந்து வாங்கிய நாலாவது தோட்டாவை எடுத்து என் கையில் தந்தார். அதன் முனையில் நிற்கவேண்டிய குண்டு பித்தளைக் கோதுக்குள் ஆழமாக இறங்கியிருந்தது.

"இஞ்சாருங்கோ, இது உள்ளுக்குப் போயிருக்கு."

வாங்கிப் பார்த்தவரின் முகம் மாறியது. "இதைச் சுட்டிருந்தால் துவக்கே முகத்திலை வெடிச்சிருக்கும்."

கோதின் வாயை நெரித்து இறுக்கினால் குண்டு அசையாதாம். குறி பிசகும் என்று இவர் இதுவரை அப்படிச் செய்ததில்லை.

"குறி விலகினால் விலகட்டும். உங்கடை முகம் எனக்கு வேணும்" என்றேன்.

பின்னேரம் முழுக்க நான் ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுக்க, இவர் நெரிக்கும் பொறியின் கைப்பிடியை இழுத்து நெரித்தார். கடைசித் தோட்டாவை மேசையில் வைத்து அழுத்திப் பார்த்தேன். குண்டு அசையவில்லை.

"நீரும் வாருமன் காட்டுக்கு" என்றார். இத்தனை வருடமும் மறுத்தவள், ஓம் என்றேன்.

கண்ணை மூடினால் ஏரி தெரிகிறது, அதன்மேல் பனிப்புகார். முழங்கால் தண்ணீரில் நிற்கும் மூஸ் தலை நிமிர்ந்து எங்களைப் பார்க்கிறது. இவர் இன்னும் சுடவில்லை. சுடவேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.