சூரியன்மேல் போட்ட பழி

அக்கா,

இன்று காலை முனைக்கடையில் ரொட்டி சானாய் கட்டிக் கொடுத்த பத்திரிகைத் தாளில் சூரியனின் படம் இருந்தது. விண்வெளியிலிருந்து எடுத்தது. நடுவில் கறுப்பு வட்டம். அதன் ஒரு பக்கத்திலிருந்து வெள்ளைப் புகைபோல ஏதோ சுருண்டு எழுந்து, படத்தின் விளிம்பையும் தாண்டிப் போகிறது. சூரியனில் பெரிய வெடிப்பாம். இரண்டு மூன்று நாளில் பூமியைத் தொடுமாம். ஒரு மூலையில் குழம்பு ஊறியிருந்தது. தாளைத் துடைத்து மேசைமேல் விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொட்டி ஆறிப்போயிற்று. "பாத்தீங்களாக்கா" என்று காட்டுவதற்கு இந்தத் தெருவில் இப்போது எனக்கு யாரும் இல்லை.

டத்தோ கெராமட் சாலைக்குப் பின்னால் இருந்த நம் வரிசை வீடுகளில் பாதியை இடித்துவிட்டார்கள். அங்கே கார்கள் நிற்கின்றன. உங்கள் வீட்டில் யாரோ அச்சகம் நடத்துகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் பகலெல்லாம் இயந்திரம் தட்டும் சத்தம் கேட்கும். சத்தம் நின்றால்தான் எனக்கு மணி ஐந்து என்று தெரியும்.

நீங்கள் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தீர்கள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, நகத்தைவிடச் சிறிய சில்லுகளில் கீறலும் கறையும் தேடிக் கெட்டதை ஒதுக்குவது உங்கள் வேலை. நான் இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நீங்கள் கணவரை இழந்தவர். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவள். ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டும், "மழ வருது, துணி எடுங்க" என்பதற்குமேல் நெடுநாள் நாம் பேசிக்கொண்டதில்லை. எண்பதுகளின் கடைசியில் உங்கள் ஒரே மகன் கப்பல் வேலைக்குப் போன பிறகுதான் என் வாசலுக்கு வந்தீர்கள். என் வீட்டில் தொலைபேசி இருந்தது.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. சனிக்கெழம காலையில பத்து மணிக்கு மட்டும் ஒங்க ஃபோன் பக்கத்துல ஒக்காந்துக்கவா?"

நடுக்கடலிலிருந்து பேசுவதென்றால் அன்று வானொலிதான். கப்பல், கரையில் உள்ள வானொலி நிலையத்தைக் கூப்பிடும். அங்கிருக்கும் ஆபரேட்டர் அதை நம் வீட்டுத் தொலைபேசியோடு இணைத்துவிடுவார். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்ல வேண்டும். மலாய்க்கார ஆபரேட்டர், "மாச்சிக், மாச்சிக்" என்று அத்தை முறை வைத்து அழைத்து அதைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நீங்கள் சொன்ன 'ஓவர்' தெருமுனைவரை கேட்டிருக்கும்.

"எந்தக் கடல்ல இருக்க? ஓவர்! அங்க மழையா? ஓவர்!"

ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் தண்ணி குடுங்க டீச்சர், ஓவர்" என்றீர்கள். நமக்குள் நட்பு தொடங்கியது அந்தச் சிரிப்பில்தான் என்று நினைக்கிறேன். மாதக்கணக்கில் பார்க்காத பிள்ளையிடம், அவனையே நினைத்துக்கொண்டிருப்பதாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "ரேடியோ வச்சிருக்க அத்தன கப்பல்காரனும் கேப்பானாம். வெக்கமா இருக்குலா" என்றீர்கள்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. அவன், "அல கொஞ்சம் பெருசா இருக்கும்மா, ஓவர்" என்றான். நீங்கள் பதில் சொல்லிவிட்டுக் காத்திருந்தீர்கள். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. வழக்கமாக வரும் இரைச்சல்கூட இல்லை. ஆபரேட்டர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார். கப்பல் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

"கப்பலு முங்கிருச்சா டீச்சர்?"

நான் என் சிற்றலை வானொலியைக் கொண்டுவந்து உங்கள் முன்னால் வைத்தேன். லண்டன், டில்லி, மெல்பர்ன் என்று எப்போதும் ஏதாவது ஒன்று பேசிக்கொண்டே இருக்கும் பெட்டி அது. முள்ளை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தள்ளினேன். உலகமே வாயை மூடிக்கொண்டதுபோல் இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

"ஒங்க மகன் மட்டும் இல்லக்கா. பாருங்க, எல்லாருமே போயிட்டாங்க."

நீங்களும் முள்ளைத் தள்ளிப் பார்த்தீர்கள். "எல்லாரும் எங்க போனாங்க?"

பந்தைச் சுவரில் அடித்தால் திரும்பி வரும். வானொலி அலைக்கும் உயரே வானத்தில் அப்படி ஒரு சுவர் உண்டு. அதில் பட்டுத்தான் கடல் தாண்டி வருகிறது. சூரியனில் திடீரென்று ஒரு சுடர் வெடித்தால், அதன் கதிர் எட்டு நிமிடத்தில் இங்கே வந்து, அந்தச் சுவருக்கு முன்னால் ஈர மெத்தையைத் தொங்கவிட்டதுபோல் செய்துவிடும். பந்து மெத்தையில் அமுங்கிப் போகும். வெயில் படும் பாதி உலகத்துக்கே இதுதான் கதி. இப்படித்தான் சொன்னேன். நம்பினீர்களோ இல்லையோ, மடியில் வானொலியை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தீர்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு நிலையமாக முனகிக்கொண்டு திரும்பி வந்தது. அதன் பிறகு ஆபரேட்டர் கூப்பிட்டார். கப்பல் நலம், உங்கள் மகன் வேலைக்குப் போய்விட்டான்.

அடுத்த வாரம் பள்ளிக்கு வரும் அறிவியல் இதழை எடுத்துவந்தேன். விண்கலத்தில் இருக்கும் தொலைநோக்கி எடுத்த படம். இன்றைக்குத் தாளில் வந்ததுபோலவே நடுவில் கறுப்பு வட்டம். சூரியனை ஒரு தட்டால் மறைத்துவிட்டு அப்புறம் எதைப் பார்க்கிறார்கள் என்று கேட்டீர்கள். எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கைக் கையால் மறைத்தால்தானே ஓட்டுகிறவன் முகம் தெரியும் என்றேன். தரையிலிருந்து பார்த்தால் நம் காற்றே வெயிலில் பளபளத்துக் கண்ணைக் கெடுக்கும். காற்றைத் தாண்டிப் போய்விட்டால் பகலிலும் வானம் கறுப்பு. அங்கிருந்து பார்க்கும்போதுதான் சூரியனிலிருந்து மலைமலையாக வாயு பிய்த்துக்கொண்டு கிளம்புவது தெரிகிறது. சுடரின் ஒளி எட்டு நிமிடத்தில் வந்துவிடும். இந்த மேகம் வந்து சேர இரண்டு மூன்று நாளாகும். வந்தால் வானொலி நாள்கணக்கில் தடுமாறும்.

"எங்க சூப்பர்வைசர் மாதிரி" என்றீர்கள். "மொதல்ல மூஞ்சி செவக்கும். ரெண்டு நாள் கழிச்சுத்தான் வார்னிங் லெட்டர் வரும்."

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை வகுப்பில் இந்த உதாரணத்தைத்தான் சொன்னேன். பிள்ளைகள் ஒருபோதும் மறந்ததில்லை.

அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் சூரியன் கொதித்துக்கொண்டிருந்தது. அழைப்பு தவறும் சனிக்கிழமைகளில் பாதிக்குமேல் உண்மையாகவே சூரியன்தான் காரணம். ஆனால் சூரியனுக்கு ஒரு முறை உண்டு. பதினோர் ஆண்டுபோல ஒரு சுற்று, பொங்கும் காலம், அடங்கும் காலம். தொண்ணூறுகள் நடக்க நடக்க அது அடங்கிக்கொண்டு வந்தது. உங்கள் மகனின் அழைப்பும் குறைந்துகொண்டு வந்தது.

பதினொன்று, பதினொன்றரைவரை பார்ப்பீர்கள். பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டே, "இன்னிக்கும் சூரியன்தான் போல" என்பீர்கள்.

"இருக்கும்க்கா" என்பேன்.

எனக்குத் தெரியும். மணி சொல்வதற்கென்றே ஒரு சிற்றலை நிலையம் இருந்தது. துணைக்கோள்கள் சூரியனைப் பார்த்து அனுப்புவதை மணிக்கு ஒரு முறை அது படிக்கும். மாலையில் அதைக் கேட்பது என் பழக்கம். சூரியன் அமைதி, சூரியன் அமைதி என்று உணர்ச்சியே இல்லாத ஆண்குரல் ஒன்று வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தது. உங்களிடம் அதை நான் சொல்லவில்லை. அதற்காக இன்றும் வருத்தப்படவில்லை.

எதிர்வீட்டு அம்மா ஒருநாள் வாசலில் உங்களை நிறுத்தினார்.

"கப்பல் புள்ள இன்னும் கூப்புடலயா?"

"சூரியன்ல புயல்க்கா. டீச்சரே சொன்னாங்க."

"எம்மவன் சிங்கப்பூர்லேருந்து வாரா வாரம் கூப்புடறான். அவனுக்கு வேற சூரியனா?"

நீங்கள் சளைக்கவில்லை. "ஒங்க மவன் கம்பியில பேசறான். எம்மவன் காத்துல பேசறான்லா!"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அன்று நீங்கள் தெருவில் நடந்துபோன நடையில் ஒரு நிமிர்வு இருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஓர் அழைப்பில் அவன், புதுக் கப்பலில் துணைக்கோள் வழிப் பேசும் தொலைபேசி வைத்திருக்கிறார்கள், இனிமேல் எந்த நேரமும் பேசலாம் என்றான். 'ஓவர்' சொல்லத் தேவையில்லை என்றும் சொன்னான். அவன் குரல் பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்டது. அதுதான் கடைசி. அடுத்த சனிக்கிழமையும் வந்து உட்கார்ந்தீர்கள். அதற்கடுத்த சனிக்கிழமையும். "இன்னிக்கும் சூரியன்தான் போல."

பினாங்கு ரோட்டில் இணையக் கடைகள் திறந்த சமயம். புதிதாகப் போன விண்கலம் ஒன்று சூரியனை ஓயாமல் படம் எடுத்து அனுப்புகிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அறிந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. உங்களையும் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே என்ன பார்ப்பீர்கள் என்று நான் யோசிக்கவே இல்லை. சுற்றிலும் இளைஞர்கள் துப்பாக்கி விளையாட்டில் அலறிக்கொண்டிருக்க, நாம் இருவரும் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்தோம். படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது. மஞ்சள் வட்டம். துடைத்து வைத்த தாம்பாளம்போல வழவழவென்று இருந்தது.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்குக் கிட்டே போனீர்கள்.

"இது எப்ப எடுத்தது?"

"இன்னிக்கிக் காலையில."

"போன சனிக்கெழம எடுத்தது இருக்கா?"

இருந்தது. எடுத்தேன். அதுவும் வெறும் வட்டம்.

"அதுக்கு முந்தி?"

ஒவ்வொரு சனிக்கிழமையாகப் பின்னால் போனோம். ஒரு படத்தில் ஓரமாகக் கடுகளவு கரும்புள்ளி ஒன்று தெரிந்தது. நீங்கள் அதன்மேல் விரலை வைத்தீர்கள்.

"இது போதுமா டீச்சர்?"

முப்பது ஆண்டு வகுப்பில் எத்தனையோ கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"போதாதுக்கா" என்றேன்.

விரலை எடுத்துக்கொண்டீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டீர்கள். அந்த வட்டத்தைப் பார்த்து, "பாவம், அது சும்மா இருந்திருக்கு. இத்தன நாளா அதும்மேல பழியப் போட்டுட்டோம்" என்றீர்கள். நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "விடுங்க டீச்சர்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள். நான்தான் ஆறுதல் தேவைப்பட்டவள்போல.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தீர்கள். கையில் கூடை. "பசாருக்கு வரீங்களா? மீனு தீந்துரும்." அன்றிலிருந்து நீங்கள் படுக்கையில் விழும்வரை அந்த நேரத்தில் நாம் வீட்டில் இருந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, கேட்காமலே பேச ஆரம்பித்தீர்கள்.

"அவன் என்னிக்காச்சும் கூப்புடுவான் டீச்சர். ஒங்க நம்பரு மட்டுந்தான் அவனுக்கு மனப்பாடம். கூப்புட்டா, ஏன் இவ்ளோ நாளா கூப்புடலன்னு மட்டும் கேட்டுராதீங்க. கேட்டா, பாவம், அவனும் ஒரு காரணம் தேடுவான்."

"வேற என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் வேணாம். அவன் பேசட்டும். நீங்க கேளுங்க."

தாசேக் கெலுகோரிலிருந்து வந்த உங்கள் அண்ணன் மகன்தான் கொள்ளி வைத்தார். உங்கள் மகனின் கடைசி முகவரிக்கு எழுதினேன், திரும்பி வந்துவிட்டது. நீங்கள் போன செய்தி கேட்ட அன்று எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலைகளைக் கவனித்தேன், வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன். சனிக்கிழமை பத்து மணிக்குக் கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றபோதுதான் துக்கம் வந்து சேர்ந்தது. கூடையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்று மத்தியானம் பட்டர்வொர்த்திலிருந்து என் அண்ணன் மகள் வந்திருந்தாள். மாதம் ஒருமுறை வருவாள், நாற்பது வயதுக்காரி, எதிலும் வேகக்காரி. வந்ததும் வழக்கமான பேச்சை ஆரம்பித்தாள்.

"இந்தப் பழைய ஃபோன எடுத்துருங்கத்தை. யாருமே கூப்புடறதில்ல."

அவளிடம் உங்கள் கதையை இதுவரை நான் சொன்னதே இல்லை, அக்கா. மேசைமேல் படம் விரிந்து கிடந்ததாலோ என்னவோ, இன்று சொல்லிவிட்டேன். எனக்குப் பிறகு அந்த எண்ணை அவள் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்றேன்.

"சரி, அவரு கூப்புட்டா நான் என்ன சொல்லணும்?"

"பேர் சொல்வான். 'சொல்லுங்க தம்பி'ன்னு சொல்லு."

"தம்பியா? அவருக்கு இப்ப என்ன வயசு அத்தை?"

யோசித்துப் பார்த்துத் திகைத்துப்போனேன். ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். என் மனதில் அவன் தோள்பையோடு உங்கள் வாசலில் நிற்கிற பையனாகவே இருந்துவிட்டான்.

"அண்ணேன்னு சொல்றேன். 'சொல்லுங்கண்ணே'. அப்புறம், ஏன் இவ்ளோ நாளா..."

"அத மட்டும் கேக்காத."

"அதத்தான் மொதல்ல கேக்கணும்! பெத்த தாயி அத்தன வருஷம்..."

"கேக்காதம்மா. அவன் பேசட்டும்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "சரி, கேக்கமாட்டேன்" என்றாள்.

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னாள்.