அத்தானுக்கு, ‘கிர்ர்’ ஒழிந்த சேதி

என் உயிருக்கு உயிரான அத்தான்,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. உங்கள் ஸ்பீக்கரில் வந்த அந்தக் ‘கிர்ர்’ ஒழிந்தது! நேற்று ஞாயிற்றுக்கிழமை, கோட்டைக்குள் உங்கள் வீட்டு முன்னறையில், மிருதங்கத்தின் இடக்கைத் தொப்பி அடி சும்மா நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து விழுந்தது. கிர்ரும் இல்லை, கொர்ரும் இல்லை. இப்போது கடையில் ஒருவர் வந்து தலையணை விலை கேட்கிறார். கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் வந்த கிராக்கியை உட்கார வைக்கிறேன் என்றால் எப்பேர்ப்பட்ட சேதி என்று உங்களுக்குத் தெரியாதா?

கம்பெனிக்காரன் செய்தனுப்பிய ஆம்ப்ளிஃபயரை நீங்கள் ஒரு மாதமாவது அவன் செய்தபடி விட்டுவைத்ததுண்டா? ஆபீஸிலிருந்து வந்து உங்கள் சட்டையைக் கழற்றுமுன் அதன் மூடியைக் கழற்றிவிடுவீர்கள். கெப்பாசிட்டர்களை மாற்றினீர்கள். டிரான்ஸ்ஃபார்மரைச் சொல்லிச் சுற்ற வைத்து வாங்கிப் போட்டீர்கள். கடைசியில், “ஸ்பீக்கர் பொட்டி பலகை மெலிசு, அதுவும் கூடச் சேர்ந்து பாடுது” என்று அக்காவின் கல்யாணக் கட்டிலில் கை வைத்தீர்கள். தேக்குத் தலைமாட்டை அறுத்து இரண்டு பெட்டிக்கும் முகப்புப் போட்டாயிற்று. “சீதனக் கட்டில அறுத்துப் பாட்டுப் பொட்டி செஞ்ச மனுசன் உலகத்துல இவரு ஒருத்தருதான்” என்று அக்கா இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அது வசவா பெருமையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

என் பங்குக்குப் பஞ்சு. பழவங்காடியில் மெத்தைக் கடை வைத்திருக்கிற மைத்துனன் வேறு எதற்கு? பெட்டிக்குள் போட முதல் தரமான இலவம்பஞ்சு கொண்டுவந்து, எங்கள் தொழில் வழக்கப்படி இண்டு இடுக்கில்லாமல் அமுக்கினேன். பாட்டு வைத்தால் போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருந்தது. “லேய் மாப்ளே, இது தலையணை இல்லடே. மூச்சு விடட்டும், பாதிய வெளிய எடு” என்றீர்கள். எடுத்தேன். தம்புரா தனியே எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தது. சரக்கைக் குறைத்தால் மதிப்பு கூடும் என்பதை வியாபாரி எப்படி அத்தான் நம்புவது? ஆனால் என் காது நம்பிவிட்டது.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அந்தச் சந்தோஷத்தில் சாயாத் தம்ளரை ஸ்பீக்கர் மேல் வைத்துவிட்டேன். என்ன சத்தம் போட்டீர்கள்! “அதுக்கு மேல ஒரு துரும்புகூட இருக்கப்பிடாது. அது என்ன ஸ்டூலாடே?” அன்றுமுதல் அந்த வீட்டில் அதுதான் சட்டம். கொலு வைக்கக்கூட அக்காவுக்கு அந்த இடம் கிடைத்ததில்லை.

நீங்கள் போன பிறகு மீனா உங்கள் படத்தைப் பெரிதாகக் கண்ணாடி போட்டு வாங்கி வந்தாள். எங்கே வைப்பது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அப்பாவுக்கு உயிரான இடம் எதுவோ அங்கே. இடது ஸ்பீக்கரின் மேல் சுவரில் சாய்த்து வைத்து, மாலை போட்டு, குட்டி விளக்கும் ஏற்றினாள். எங்கள் எல்லார் கண்ணும் நிறைந்துபோயிற்று.

துக்கம் கழிந்து முதல் தடவை பாட்டு வைத்த அன்றே கிர்ர். தொப்பி விழும்போதெல்லாம் கிர்ர். வீணையின் கீழ்த் தந்தியைத் தொட்டால் கிர்ர். தம்பானூரிலிருந்து மெக்கானிக் வந்தார். ஆம்ப்பைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், குறையில்லை. ஸ்பீக்கர்களைக் கொண்டுபோனார், அங்கே பளிங்கு மாதிரிப் பாடின. வீட்டுக்கு வந்தால் மறுபடி கிர்ர். “வீட்டுக் கரண்டு சரியில்லை” என்றார். எர்த்தைப் புதிதாகப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் அக்கா உங்கள் படத்தை இரண்டு கையாலும் இறக்கிக் கட்டிலில் படுக்க வைப்பாள். பெட்டி திரும்பி வந்ததும் துடைத்து, பொட்டு வைத்து, பழைய இடத்திலேயே ஏற்றிவிடுவாள். நாங்களும் கும்பிட்டுவிட்டு ஸ்விட்சைப் போடுவோம். கிர்ர்!

இதற்கிடையில் மீனா கழக்கூட்டத்தில் ஆபீஸ் பக்கமாகவே ஃப்ளாட் பார்த்துவிட்டாள். அக்காவும் அவளோடு போகிறாள், கோட்டை வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். உங்கள் செட் என்ன ஆவது?

“எனக்கு மடுத்துப்போச்சு, சலிச்சுப்போச்சு மாமா” என்றாள் மீனா. மலையாளம் கலக்காமல் அவளுக்குக் கோபம்கூட வராது. “அப்பா செஞ்சது இப்படி அழறத தெனம் கேக்க வய்யா. யாராவது கொண்டுபோட்டும். கண்ணுல படாம இருந்தாலாவது நிம்மதி, கேட்டோ?”

அவள் சொல்வதும் நியாயம்தான். அதனால் பழைய செட் வாங்குகிற நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவரை நானே வரச் சொன்னேன். நேற்று வந்தார். பாட்டு வைத்துக் காட்டினோம், கிர்ர் என்றது. மனிதர் உதட்டைப் பிதுக்கினார். “இது பிரிச்சு விக்கத்தான் ஆகும் அண்ணாச்சி. பொட்டி விறகுக்குப் போகும்” என்றார்.

ஆனால் அவர் வாய் பேசிக்கொண்டிருந்தபோது கை என்ன செய்தது என்று பார்த்தேன் அத்தான். தேக்குப் பலகையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது, தடவுகிறது, விட மனமில்லை. எத்தனை பேர் என் மெத்தையைக் குறை சொல்லிக்கொண்டே அமுக்கிப் பார்ப்பதைக் கண்டவன் நான்! சரக்கு நல்லது என்று அந்தக் கை சொல்லிவிட்டது. அப்படியானால் குறை எங்கே?

மீனா ‘சரி’ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அக்கா எழுந்து போய் உங்கள் படத்தை இறக்கி எடுத்து, முகத்தைத் தன் பக்கம் திருப்பி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “பொட்டியத் தூக்கிட்டுப் போறத அவரு பாக்கண்டாம்” என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. “கடைசியா ஒருக்க கேட்டுக்கிடுதேன்” என்று அதே பாட்டை வைத்தேன்.

தொப்பி விழுந்தது. சுத்தம்! அத்தனை சுத்தம்! அடுத்த அடிக்காகக் காத்திருந்தேன். அதுவும் சுத்தம். நெய்யாற்றின்கரைக்காரர் முகத்திலிருந்த சலிப்பெல்லாம் இறங்கிப்போயிற்று.

“அக்கா, அத்தான இங்க தா” என்று படத்தை வாங்கி ஸ்பீக்கர் மேல் வைத்தேன். கிர்ர். எடுத்தேன், இல்லை. வைத்தேன், கிர்ர். வைத்தபடியே கண்ணாடியை ஒரு விரலால் அழுத்தினேன், நின்றுவிட்டது. சட்டத்துக்குள் கண்ணாடி பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆம்ப்பைப் பிரித்தோம், ஸ்பீக்கரைப் பிரித்தோம், வீட்டு வயரையே பிரித்தோம். உங்களை மட்டும் யாருக்குச் சந்தேகப்படத் தோன்றும்?

“அப்பாவா மாமா! இத்தன நாளும் அப்பாவா!” என்று மீனா சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டே அழுகிறாள்.

அக்கா படத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள் பாருங்கள்: “பாட்டு நடுவுல பேசாதேன்னு எங்கள அந்த ஏச்சு ஏசுவேளே, இப்ப யாரு பேசினது?” நீங்கள் போன பிறகு அவள் உங்களைக் கேலி செய்வது இதுதான் முதல் தடவை. அது உங்கள் காதில் விழுந்ததா அத்தான்?

நெய்யாற்றின்கரைக்காரர் மெல்ல என் பக்கம் வந்தார். “அண்ணாச்சி, இப்பம் வேற வெல பேசலாம்.”

“இப்பம் வெலயே இல்ல” என்றேன். பாவம், வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினாலும் வெறும் வயிற்றோடு அனுப்பக்கூடாதே, சாயா கொடுத்தோம். அவர் குடித்த தம்ளரை எங்கே வைக்கப் போனார் என்று சொல்லவும் வேண்டுமா? மீனா பாய்ந்து பிடுங்கினாள். “அதென்ன ஸ்டூலா?” உங்கள் குரல், அப்படியே.

செட் கழக்கூட்டத்துக்குப் போகிறது அத்தான். சாயங்காலமே மீனாவோடு போய் ஹாலைப் பார்த்துவிட்டு வந்தேன். தரை டைல்ஸ், சுவர் வழவழ, கை தட்டினால் திருப்பித் தட்டுகிறது. நீங்கள் இருந்தால் ஆம்ப்பைத் திறந்திருப்பீர்கள். நான் அறையைத் திறக்கப் போகிறேன். எதிரொலி அடங்க, மரச்சட்டத்துக்குள் பஞ்சடைத்துத் துணி போர்த்தி இரண்டு பக்கச் சுவரிலும் மாட்டுவதாகத் திட்டம். அமுக்க மாட்டேன், மூச்சு விட வைப்பேன். நாங்கள் அளவெடுப்பதைப் பார்த்த பக்கத்து ஃப்ளாட் பையன்கள், தங்களுக்கும் ஒரு ஜோடி வேண்டுமென்று அப்போதே கேட்டுவிட்டார்கள். சிரிக்காதீர்கள். நல்ல சத்தம் நல்ல சத்தம்தான், வியாபாரம் வியாபாரம்தான்.

உங்கள் படத்தையும் இன்று காலை பிரித்துவிட்டேன். உங்களையும் ஒரு தடவை பிரித்துச் சரிசெய்ய எனக்கு வாய்த்ததே! படத்துக்கும் பின்பலகைக்கும் நடுவில் மெல்லிசாக இலவம்பஞ்சு வைத்து இறுக்கியாயிற்று. புது வீட்டில், நீங்கள் உட்கார்ந்து பாட்டுக் கேட்ட நாற்காலிக்கு மேலே, இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் எதிர்ச் சுவரில் ஆணி அடிக்கப் போகிறேன். உங்கள் முதுகுக்குப் பின்னால் பாடினதெல்லாம் இனி உங்கள் முகத்துக்கு நேரே பாடும்.

தலையணைக்காரர் எழுந்து வந்துவிட்டார், முடிக்கிறேன். ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன் அத்தான், கடைக்காரன் வாக்கு. அந்த ஸ்பீக்கர் மேல் இனி ஒரு துரும்பையும் வைக்க விடமாட்டேன். உங்களையும் சேர்த்துத்தான்.

என்றும் உங்கள் வீட்டு முன்னறையில் உங்களுக்கு அடுத்த நாற்காலிக்காரன்,
உங்கள் மைத்துனன்
முருகேசன்